கூசாத உள்ளங்கால்

முதலாளியின் சடலத்தைக் காலையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் ரத்தத்தை யார் எடுத்துப் போவது? அது சுவரில் ஆளுயரத்துக்குத் தெறித்து, மேசைக் கால்களைச் சுற்றித் தேங்கி, கறுத்துக் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் எடை தூக்கப் பயன்படும் இரும்புத் தட்டு ஒன்று. அதன் விளிம்பில் முடி ஒட்டியிருந்தது. வெற்றிக் கோப்பைகள் அடுக்கியிருந்த அலமாரி குப்புறச் சரிந்து, அதன் கண்ணாடி வாசல் வரைக்கும் சிதறியிருந்தது.

ஆணி வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உள்ள வாடா" என்றார் பேராசிரியை.

"இங்கேருந்தே நல்லாத் தெரியுது மேடம். காலையில சாப்பிட்டது வேற, வெளிய வரட்டுமா வரட்டுமான்னு கேட்டுக்கிட்டே இருக்கு."

ஒல்லி உடம்பு, அதன் மேல் பெரிய தலை. அதனால் அவன் ஆணி. ஒரு காலத்தில் வீடு வீடாகப் போய் மின் வயரிங் வேலை பார்த்தவன். பேராசிரியை வீட்டில் ஒரு ஸ்விட்ச் வேலை செய்யவில்லை என்று வந்தான். ஸ்விட்ச் சரியாகிவிட்டது, அவன்தான் திரும்பிப் போகவில்லை. பேராசிரியை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு நடத்தி ஓய்வு பெற்றவர். தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குப் பிணம் அறுக்கச் சொல்லிக்கொடுத்த கை. போலீஸ்காரர்கள் நேரில் 'மேடம்' என்பார்கள்; முதுகுக்குப் பின்னால் 'எலும்பம்மா'. இரண்டும் அவருக்குத் தெரியும். இரண்டாவதுதான் பிடிக்கும்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். முகத்தில், புதுச் சட்டை போட்ட பிள்ளையின் பூரிப்பு.

"கீழே உதைச் சண்டைக் கூடம், மேலே முதலாளியோட ஆபீஸ். நேத்து சாயங்காலம் பெரிய பந்தயம். பந்தயம் ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இங்க வெச்சு அடிச்சிருக்கான். முடிஞ்சப்புறம்தான் வாட்ச்மேன் வந்து பார்த்திருக்கான். இப்போ இதைப் பாருங்க மேடம்." தரையைக் காட்டினார். "வலது கால் மட்டும் வெறுங்கால், இடதுல செருப்பு. மேசையிலேருந்து வாசல் வரைக்கும் கண்ணாடி மேலயே நடந்திருக்கான். அடிக்கு அடி ரத்தம். ஆனா அந்த இடைவெளியைப் பாருங்க. அளந்து வெச்ச மாதிரி! நீங்களோ நானோ இருந்தா முதல் துண்டு குத்தினதுமே நொண்டி அடிச்சு ஆடியிருப்போம்."

"நான் பாட்டே பாடியிருப்பேன்" என்றான் ஆணி.

"அப்போ வலியே தெரியாத வலது கால் யாருக்கு இருக்கு? இந்தக் கட்டடத்துலயே ஒரே ஒரு ஆளுக்குத்தான். வாளிக்காரருக்கு."

வாளிக்காரர் என்பது சண்டை மேடையில் சிந்தும் ரத்தத்தையும் வியர்வையையும் துடைக்கிற வயசானவர். இளமையில் அவரும் சண்டைக்காரர்தான். ஒரு உதையில் வலது கால் போனது. புதிதாகச் சேருகிற பையன்களுக்கு அந்தக் காலைக் காட்டி வேடிக்கை பண்ணுவது கூடத்தில் வழக்கம். எரிகிற தீக்குச்சியைப் பாதத்தில் வைப்பார்கள்; அவர் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருப்பார்.

"முதலாளி அடுத்த மாசத்தோட வேலைக்கு வரவேண்டாம்னு சொல்லியிருக்காரு. கோபம். மாடிப்படியில இருந்த ரத்தத்தை அவரே துடைச்சுட்டு நின்னதை வாட்ச்மேன் பார்த்திருக்கான். உள்ளங்கால்ல கண்ணாடி வெட்டு. எல்லாத்துக்கும் மேல, நான்தான் செஞ்சேன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. இன்னிக்கு சாயங்காலம் கோர்ட்டு."

"நல்ல மூளை உங்களுக்கு" என்றார் பேராசிரியை. கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார். "ரத்தத்தைப் பார்த்துட்டு நரம்பை யோசிச்சிருக்கீங்க. என் வகுப்புல இருந்திருந்தா முதல் பெஞ்ச். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கொன்னவன் தடயத்தை அழிக்கணும்னா எங்கேருந்து துடைப்பான்?"

"இங்கேருந்துதான்…"

"இவர் படியை மட்டும் துடைச்சிருக்காரு. அறையில இருக்கறது அப்படியே இருக்கு. செஞ்சதை மறைக்கறவன் அறையைத் துடைப்பான். போன வழியை மறைக்கறவன்தான் படியைத் துடைப்பான்."

இன்ஸ்பெக்டரின் புதுச் சட்டை கொஞ்சம் கசங்கியது.

அன்று காலை பேராசிரியையின் வீட்டு வாசலில் வந்து நின்ற பெண்ணை ஆணி நினைத்துக்கொண்டான். வாளிக்காரரின் மகள். கண்கள் வீங்கியிருந்தன, ஆனால் அழவில்லை. "எங்கப்பா ஈயைக்கூட அடிக்கமாட்டாருன்னு நான் சொல்லமாட்டேன் மேடம். ஆளுங்களை அடிச்சுத்தான் என்னை வளர்த்தாரு. ஆனா மேடையில கட்டியிருக்கற கயிறுக்கு வெளிய ஒருத்தர் மேலயும் கை வெச்சதில்ல. இன்னிக்கு சாயங்காலம் போனா திரும்பி வரமாட்டாரு. என் வீட்டுக்காரர் இதுல தலையிடாதேன்னாரு. சொல்லாமத்தான் வந்திருக்கேன்."

"கடைசியா ஒரு கேள்வி" என்றார் பேராசிரியை, படியிறங்கியபடி. "அவர் காலுக்கு உணர்ச்சி இல்லைன்னு நீங்க சோதிச்சீங்களா?"

"பின்னே? பேனா முனையால நானே அழுத்திப் பார்த்தேன். கண்ணு கூட சிமிட்டல."

"எந்த இடத்துல?"

"லாக்கப்ல."

"கால்ல எந்த இடத்துலன்னு கேட்டேன்."

"பாதத்து மேலதான். ஏன்?"

பேராசிரியை நடையை எட்டிப் போட்டார். அவர் அப்படி நடந்தால் யாருக்கோ பரீட்சை இருக்கிறது என்று ஆணிக்குத் தெரியும்.

*

லாக்கப்பில் வாளிக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நசுங்கிய மூக்கு, கிழிந்து கிழிந்து தைத்த புருவம். முகமா, பழைய பையா என்று தெரியாத மாதிரி இருந்தது.

"நான்தான் பண்ணேன். எழுதிக்கிட்டாங்க. இன்னும் என்ன?"

"காலைக் கொஞ்சம் காட்டுங்கண்ணே" என்றார் பேராசிரியை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அந்தக் கனத்த வலது காலை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு பழைய தழும்பு. "உதை இங்கதானே விழுந்துச்சு? அதுக்கப்புறம் பாதம் மேலே தூக்க வரல. தொங்கிப் போச்சு."

"அது செத்த கால்மா. மரக்கட்டை."

ஆணியின் ஸ்கூட்டர் சாவியை வாங்கினார். பாதத்தின் மேல்பக்கம் அழுத்திக் கோடு போட்டார். ஒன்றுமில்லை. பிறகு காலைத் திருப்பி, வெட்டுக்காயத்தை விட்டு விலகி, உள்ளங்காலில் குதியிலிருந்து விரல் வரைக்கும் சாவியை மெதுவாக ஓட்டினார்.

வாளிக்காரரின் முகம் கல். "ஒண்ணும் தெரியல."

ஆனால் ஆணி முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து விரல்களும் தொட்டால் சுருங்கும் நத்தை மாதிரி உள்ளே மடங்கின.

"மேடம், மரக்கட்டை சிரிக்குது."

இன்னொரு தடவை. விரல்கள் மறுபடி மடங்கின. கிழவரின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாகக் கோத்தது. கடைவாய்ப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"பாதத்து மேல செத்துப்போச்சு. உள்ளங்கால் உசிரோடதான் இருக்கு" என்றார் பேராசிரியை. "தீக்குச்சியை எல்லாரும் மேலதானே வெச்சாங்க. அதனால உங்களைத் தவிர வேற யாருக்கும் இது தெரியாது. கண்ணாடி மேல நடந்தது நீங்க இல்ல. யாருக்காகண்ணே இந்தப் பொய்?"

அடுத்த கணம் பேராசிரியையின் மணிக்கட்டு கிழவரின் பிடியில் இருந்தது. வயசானாலும் அது சண்டைக்காரன் கை. எலும்பு நெறிபடுகிற சத்தம் ஆணிக்கே கேட்டது.

"என்னைக் காப்பாத்துன்னு உன்னை யாரு கேட்டா? எம்மகளை வீட்டுக்குப் போகச் சொல்லு! அவ வாழ்க்கையை அவ பார்த்துக்கட்டும்!"

ஆணி பாய்ந்தான்; கிழவரின் முழங்கை விலாவில் இறங்கியது, கம்பியில் போய் மோதினான். கான்ஸ்டபிள் லத்தியை ஓங்கி இரண்டு போட்டார். மூன்றாவது விழுவதற்குள் பேராசிரியை குறுக்கே கையை நீட்டிவிட்டார். "அடிக்காதே. அவர் வேணுங்கற அளவு வாங்கியாச்சு."

வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டர் விடவில்லை. "விரல் மடங்கறது தானா நடக்கறது மேடம். அதனால வலி தெரியும்னு ஆகிடுமா?"

"தானா நடக்கறதுதான். ஆனா உள்ளங்கால்லேருந்து சேதி மேலே போறதும், விரலை மடக்குன்னு உத்தரவு கீழே வர்றதும் ஒரே நரம்பு வழியா. அது செத்திருந்தா ரெண்டுமே நடக்காது. அப்புறம் லாக்கப் வாசல்ல கிடக்கற அவர் செருப்பை எடுத்துப் பாருங்க. அடியில ஓட்டை, அதுக்குள்ள கண்ணாடி. முதலாளிக்கு உயிர் இருக்கான்னு பார்க்கச் செருப்போட உள்ள போயிருக்காரு. அந்த வெட்டு அப்படி வந்தது."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "சரி மேடம். ஒப்புக்கொண்ட ஆளை விட்டுடணும்னா எனக்கு வேற ஆள் வேணும். சாயங்காலத்துக்குள்ள."

*

"எனக்குப் புரியற பாஷையில சொல்லுங்க மேடம்" என்றான் ஆணி, ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே. விலா வலித்தது. "ஒரு காலுக்கு எத்தனை கனெக்‌ஷன்?"

"தொடைக்கு முன்பக்கம் ஒரு லைன் தனியா வருது, அதை விடு. பெரிய மெயின் லைன் இடுப்புக்குப் பின்னாடிலேருந்து, பிட்டத்து வழியா, பின்தொடையில இறங்குது. உன் சுண்டு விரல் தடிமன். முழங்காலுக்குப் பின்னாடி ரெண்டாப் பிரியுது."

"அங்க ஜங்ஷன் பாக்ஸ்."

"ஆமா. ஒரு கிளை வெளிப்பக்கமா வளைஞ்சு, எலும்பு மேலயே ஒட்டிக்கிட்டு, பாதத்தோட மேல்பக்கம் போகுது. கிழவருக்கு அறுந்தது அது. இன்னொண்ணு கெண்டைக்காலுக்குள்ள நேரா இறங்கி, கணுக்காலுக்கு உள்பக்கம் எலும்புக்குப் பின்னால சுத்தி, உள்ளங்காலுக்குப் போகுது."

"அப்போ கொன்னவனுக்கு முதல் லைன்ல கரண்ட் இருக்கு, பாதத்தை நல்லாத் தூக்கி நடக்கறான். ரெண்டாவது லைன்ல, அதுவும் கணுக்கால் கிட்ட, ஃபியூஸ் போயிருக்கு."

"போகல. பிடுங்கி வெச்சிருக்காங்க. கணுக்கால்ல ஒரு ஊசி போட்டா போதும், உள்ளங்கால் பல மணி நேரம் தூங்கும்."

"காலை எதுக்கு மேடம் தூங்க வைக்கணும்? கொட்டாவி விட்டுச்சா?"

"குதி எலும்பு விண்டுபோன ஒருத்தன் வெறுங்காலோட சண்டை போட்டே ஆகணும்னா?"

ஆணி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டான். பின்னால் வந்த லாரிக்காரன் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனான். ஆணிக்குக் காதில் விழவில்லை.

"கால்ல ரத்தம் வடியற ஒருத்தன், யார் கண்ணுலயும் படாம எங்கடா ஒளிஞ்சுக்க முடியும்?" என்று கேட்டார் பேராசிரியை.

"ஆஸ்பத்திரி. கசாப்புக் கடை…" சொல்லிக்கொண்டே வந்தவன் வாயைப் பிளந்தான். "சண்டை மேடை! ஆயிரம் பேர் பார்க்க ரத்தம் சிந்தலாம், ஒருத்தன் கேக்கமாட்டான்!"

முதல் நாள் அந்தப் பெரிய பந்தயத்துக்கு மேடையேறியவர்கள் இரண்டே பேர். ஒருவனுக்கு மேடைப் பெயர் இடி. இன்னொருவன் கரடி.

*

கரடி கட்டிலில் மல்லாந்து கிடந்தான். கட்டில்தான் பாவம். வயிற்றில் குறுக்கே பெரிய கட்டு. அவனுடைய அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து அவன் வாயில் பிஸ்கட்டையும் காதில் வசவையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எரும மாடு மாதிரி வளர்ந்திருக்கான், ஒரு உதைக்கு நகரத் தெரியுதா? போலீஸா நீங்க? நல்லா ரெண்டு கேளுங்க இவனை!"

"அக்கா, சும்மா இரு!" கரடி முனகினான். "மேடம், அவன் கால்ல பிளேடு வெச்சிருந்தான். சத்தியமா! நடுவர்கிட்டக் கத்தினேன். கையைப் பார்த்தாரு, கையுறையைப் பார்த்தாரு, ஒண்ணும் இல்லன்னாரு. தோக்கப்போறவன் கத்தறான்னு கூட்டமே சிரிச்சுது."

"எப்படி உதைச்சான்?"

"நேரா, உள்ளங்காலை வெச்சு வயித்துல ஒரு தள்ளு. அப்படித்தான் தள்ளுவோம். ஆனா இது தள்ளல மேடம், கிழிச்சுது. குனிஞ்சு பார்க்கறேன், தொப்புளுக்கு மேல வாய் திறந்திருக்கு. திரும்பத் திரும்ப அதே காலால அதே இடத்துல. அவன் முகத்துல ஒரு சுளிப்பு கூட இல்ல."

"முதல் உதைக்கு முன்னாடி மேடையில ரத்தம் இருந்துச்சா?"

கரடி யோசித்தான். யோசிப்பது அவனுக்கு உதை வாங்குவதைவிடக் கஷ்டம் என்று முகம் சொன்னது. "இருந்துச்சு. அவன் மூலையில. போன சண்டையோடதைத் துடைக்கலைன்னு நினைச்சேன்."

"தையல் போட்ட டாக்டரு உள்ளேருந்து இதை எடுத்தாரு" என்று அக்கா ஒரு மாத்திரைக் குப்பியை நீட்டினாள். "எறியச் சொன்னாரு. நான் ஏன் எறியறேன்? எந்தம்பி வயித்துல இருந்ததாச்சே."

பேராசிரியை குப்பியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கண்ணாடிச் சில். ஒரு ஓரத்தில் மயிரிழைத் தடிமனுக்குத் தங்க வண்ணம்.

முதலாளியின் கோப்பை அலமாரிக் கதவைச் சுற்றி அதே தங்கக் கோடு ஓடியிருந்ததை ஆணி பார்த்திருந்தான். வாசலில் நின்று பார்த்தாலும் பார்த்தது பார்த்ததுதான்.

*

இன்ஸ்பெக்டருக்குப் போன் பறந்தது. இடியின் வீடு தெரிந்தவர், ஊசி போட்டவர், இரண்டும் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்: சண்டைக்காரர்களின் காயத்துக்குக் கட்டுப் போடும் கட்டுக்காரர். கூடத்துக்குப் பின்னால் அவருடைய அறை.

கதவு உட்பக்கம் சாய்ந்து கிடந்தது. தாழ்ப்பாள் பிய்ந்திருந்தது. கட்டுக்காரர் தரையில் முழங்காலிட்டுத் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் என்று அவற்றைச் சொல்வது பழக்கதோஷம். கதவிடுக்கில் வைத்துக் கதவை அறைந்து சாத்தியிருந்தார்கள், ஒரு தடவை அல்ல.



"காலையில வந்தான்" என்றார் கட்டுக்காரர், பேசுவது தானில்லை என்பது போல. "கால்ல ஏறின கண்ணாடியை எடுன்னான். எடுத்தேன். பாதிதான் வந்துச்சு. வாயைத் திறந்தா அடுத்தது கழுத்துன்னு சொல்லிட்டு இதைப் பண்ணிட்டுப் போனான்."

பேராசிரியை தன் துப்பட்டாவைக் கிழித்து அந்த விரல்களைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "குதி எலும்பு எப்போ விண்டுச்சு?"

"பயிற்சியில. யாருக்கும் சொல்லல. நேத்து கணுக்கால்ல ஊசி போட்டுவிட்டேன். முதலாளிக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. மேலே கூப்பிட்டாரு. வலது செருப்பைக்கூட மாட்டாமப் போனான். 'நீ முடிஞ்சுபோன காலுடா, உனக்குப் பதிலா வேற ஆளை ஏத்தறேன்'னு கத்தினது கீழே வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் அலமாரி விழுந்த சத்தம்." அவர் அழ ஆரம்பித்தார். "நான் காலை மட்டும்தான் தூங்க வெச்சேன் மேடம். அவன் மனுஷனையே தூங்க வெச்சுட்டான்."

"அவன் வீடு?"

"தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, மாடி, பச்சைக் கதவு."

*

பச்சைக் கதவை ஆணி தட்டினான். இன்ஸ்பெக்டர் ஜீப் இன்னும் வந்து சேரவில்லை. "காத்திருக்கலாம் மேடம்" என்றான். "கட்டுக்காரர் காத்திருந்தாரு. கை என்ன ஆச்சுன்னு பார்த்தேல்ல?" என்றார் பேராசிரியை.

கதவு திறந்தது.

வாளிக்காரரின் மகள் நின்றுகொண்டிருந்தாள். கையில் ரத்தம் தோய்ந்த துணி. அவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அப்பாவை விட்டுட்டாங்களா மேடம்?"

அவள் தோளுக்கு மேலே, உள்ளே, நாற்காலியில் ஒரு மலை மாதிரியான ஆள். வலது கால் வீங்கி நீலம் பாரித்து பீங்கான் பூச்சுப் போட்ட ஒரு இரும்புத் தட்டத்துத் தண்ணீரில் இருந்தது. தண்ணீர் சிவப்பு.

கிழவர் எந்த மருமகனுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கூச்சத்தை அடக்கினார் என்பது அப்போதுதான் ஆணிக்கு உறைத்தது. பேராசிரியையைத் திரும்பிப் பார்த்தான். அவருக்கு லாக்கப்பிலேயே தெரிந்திருக்கிறது.

"யாருடி அது?" என்றான் இடி.

"இவர் கால்ல மேடைப் பலகையில இருந்த ஆணி குத்திடுச்சு மேடம், அதான்…" அவள் சொல்லிக்கொண்டே வந்து, பேராசிரியையின் கண்ணைப் பார்த்தாள். பிறகு தட்டத்தைப் பார்த்தாள். தட்டத்தின் விளிம்பில் அவளே இடுக்கியால் எடுத்து வைத்திருந்த சில்கள். ஒன்றில் தங்கக் கோடு.

அதற்குள் இடி எழுந்து வந்துவிட்டான்.

"போலீஸை நீயா கூட்டிட்டு வந்தே?"

புறங்கையால் ஒரே வீச்சு. அவள் சுவரில் மோதிச் சரிந்தாள். சத்தமே இல்லை. சத்தம் போடாமல் விழுந்து விழுந்து பழகியவள் மாதிரி விழுந்தாள்.

ஆணி எதையும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் போயிருக்க மாட்டான். தலையைக் குனிந்து இடியின் வயிற்றில் முட்டினான். சுவரில் முட்டின மாதிரி இருந்தது. இடியின் வலது முழங்கால் அவன் முகத்துக்கு வந்தது; உதடு கிழிந்து வாயில் உப்புக் கரித்தது. அடுத்தது விலாவில். பேராசிரியை கதவோரம் இருந்த இரும்புக் கம்பியை எடுத்து ஓங்கினார். அவன் அதைப் பிடுங்கி அவரைத் தள்ளிவிட்டான். மேசையோடு சேர்ந்து விழுந்தார். இடி ஆணியின் மார்பில் வலது முழங்காலை ஊன்றி, இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தான்.

"உங்கப்பனே ஒத்துக்கிட்டாண்டி!" அவன் மனைவியைப் பார்த்துதான் கத்தினான். "அவனே செஞ்சேங்கறான். உனக்கென்னடி நோவு? இதுங்களை முடிச்சுட்டு உன்னை வெச்சுக்கறேன்!"

ஆணிக்குக் கண் இருண்டுகொண்டு வந்தது. அந்த இருட்டின் ஓரத்தில், இடிக்குப் பின்னால் அவள் எழுந்திருப்பது தெரிந்தது. தட்டத்தின் தண்ணீரைத் தரையில் கொட்டினாள், அவசரமில்லாமல், பாத்திரம் கழுவுகிறவள் போல. முழங்கால் ஊன்றியிருந்ததால் இடியின் வலது உள்ளங்கால் பின்பக்கம் மேலே பார்த்து மலர்ந்திருந்தது. சதை பிளந்த உள்ளங்கால்.

தட்டத்தின் விளிம்பை அவள் அதில் இறக்கினாள்.

இடி அலறினான். கரடியை வயிறு கிழிய உதைத்தபோது முகம் சுளிக்காத அந்த ஆள், குழந்தை மாதிரி அலறினான். கழுத்துப் பிடி விட்டுப்போனது. அவள் மறுபடி ஓங்கி இறக்கினாள். மறுபடி. பீங்கான் பூச்சு தெறித்தது. அவன் ஒரு பக்கமாகச் சுருண்டு காலைக் கட்டிக்கொண்டான்.

"லைன்ல… கரண்ட் வந்துடுச்சு மேடம்" என்றான் ஆணி, தரையில் கிடந்தபடி, மூச்சுக்கு நடுவே.

"போதும்மா" என்று பேராசிரியை அவள் கையைப் பிடித்தார். "போதும். குடு."

அவள் தட்டத்தைக் கொடுக்கவில்லை. மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டு, இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து, இடிக்கு விலங்கு மாட்டின பிறகுதான் கொடுத்தாள்.

*

வாளிக்காரரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்து அறையில் இடியின் முனகல் கேட்டது. மகள் உள்ளே வந்ததும் கிழவர் எழுந்து நின்றார். சந்தோஷப்படவில்லை. முகம் கோணியது.

"ஏம்மா இப்படிப் பண்ணே? அவன் படியில இறங்கி வர்றதைப் பார்த்ததும் நான் முடிவு பண்ணிட்டேன். எனக்கு என்ன, நான் எங்க கிடந்தா என்ன? உன் வீடு நின்னிருக்குமே. உன் புருஷன் உன்கூட இருந்திருப்பானே!"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முழுக்கைச் சட்டையின் இரண்டு கையையும் முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டாள்.

ஆணி முகத்தைத் திருப்பிக்கொண்டான். எத்தனையோ ரத்தம் பார்த்த அன்றைக்கு, அதை மட்டும் அவனால் பார்க்க முடியவில்லை.

கிழவரின் கை நீண்டு, தொடாமல் நின்றது. "இது… எப்போம்மா?"

"எதுப்பா? இதுவா, இல்ல இதுவா?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நீங்க உள்ள போயிருந்தா நான் அங்கதான்பா இருந்திருப்பேன். அவன்கூட. நீங்க எனக்காகப் போனீங்கன்னு வேற நினைச்சுக்கிட்டு." குரல் அப்போதுதான் உடைந்தது. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

பக்கத்து அறையில் இடியின் முனகல் நின்றிருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, அவர் அக்குளில் கை கொடுத்தாள். "எழுந்திருங்க. போலாம்."

"எந்த வீட்டுக்கும்மா?"

"உங்க வீட்டுக்கு. சாவி எங்க?"

கிழவர் சட்டைப்பையைத் தடவினார். இன்ஸ்பெக்டர் மேசை இழுப்பறையைத் திறந்து, கைது பண்ணினபோது வாங்கி வைத்த சாவியை எடுத்தார். கிழவரின் கை நீண்டது. இன்ஸ்பெக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு சாவியை மகளின் உள்ளங்கையில் வைத்தார்.